மில்லில் மட்டும் கேட்ட காது

குமரா,

கடிதத்தின் தலையில் வழக்கமாகப் போடுகிற அன்பான சொல் எதையும் இதில் போடவில்லை. மறந்துபோய் விடவில்லை, எழுத மனம் வரவில்லை. தினமும் காலையில் நீ போனில் அனுப்புகிற "அப்பா, ப்ளீஸ், ஏதாவது பேசுங்க" எல்லாம் ஒழுங்காக வந்து சேருகிறது. பார்த்துவிட்டுத்தான் பதில் போடாமல் வைத்திருக்கிறேன். விரலால் நாலு வரி தட்டி அனுப்பித் தீர்த்துக்கொள்கிற அளவுக்கு என் கோபம் சின்னது இல்லை. அதனால் மில் ஆபீஸிலிருந்து முழு வெள்ளைத் தாள் வாங்கி வந்து உட்கார்ந்திருக்கிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன்னிடம் சுற்றி வளைத்துச் சொல்லிப் புண்ணியம் இல்லை, விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ உன் காதை டெஸ்ட் பண்ணிக்கொள்ள வேண்டும். எனக்கு எடுத்தார்களே, தலையில் ஒயர் ஒட்டி, அதே டெஸ்ட். வருகிற வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தஞ்சாவூரில் அதே இடத்தில் உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். சுகந்தி மித்ராவைத் தூக்கிக்கொண்டு திருத்துறைப்பூண்டியில் அவள் அம்மா வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்திரண்டு நாள் ஆகிறது. நீ டெஸ்ட் எடுக்கிறவரை அந்தச் சென்னை ஃபிளாட்டில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவளைச் சமாதானம் பண்ணி அனுப்பச் சொல்லி எனக்குச் செய்தி போடுகிறாய். நான் எதற்குச் சமாதானம் பண்ண வேண்டும்? உன் பெண்டாட்டி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை.

நாலு வயசுக் குழந்தை. பாத்ரூம் தாழ்ப்பாள் சிக்கிக்கொண்டு முக்கால் மணி நேரம் உள்ளே நின்று "அப்பா, அப்பா" என்று கத்தியிருக்கிறது. பட்டப்பகல். அடுத்த அறையில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நீ லேப்டாப்பில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். ஆபீஸிலிருந்து வந்த சுகந்திக்கு வாசல் கதவைத் திறக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது. குழந்தைக்குத் தொண்டை கட்டிப்போய் மூன்று நாள் குரல் வரவில்லை. அதுகூடப் போகட்டும், யார் வீட்டிலும் நடக்கிறதுதான். அதற்கப்புறம் நீ சொன்னாயே ஒன்று, அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. "அவ கூப்பிடவே இல்ல. இப்ப உன்னப் பாத்ததும் சும்மா சொல்றா." பெற்ற குழந்தையைப் பொய் சொல்கிறாள் என்றாயாமே. உனக்கு இது புதிதும் இல்லை. உன்னிடம் அந்தப் பட்டத்தை முதலில் வாங்கியவன் நான்தான்.

தை மாசம் பொங்கலுக்கு வந்திருந்தாய். சுகந்தி கூப்பிட்டால் நான் திரும்புவதில்லை, அவளாக வந்து எதிரே நின்றால்தான் பதில் சொல்கிறேன் என்று உனக்குக் குறை. உன் கல்யாணத்துக்கு நான் ஆரம்பத்தில் சம்மதிக்கவில்லை, அது உண்மை. அந்தக் கோபத்தைத்தான் மருமகள்மேல் இப்படிக் காட்டுகிறேன் என்று நீயே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய். "ஏம்ப்பா அவகிட்ட பேச மாட்டேங்கறீங்க?" என்று கேட்டாய். "காது சரியாக் கேக்கலடா" என்றேன். நீ சிரித்தாய். அப்புறம் அடுக்களையில் எனக்குப் பின்னால் வந்து நின்று, சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் போட்டாய். நான் திரும்பினேன். அந்தச் சத்தத்துக்கு அடுத்த தெரு நாய்கூடத் திரும்பியிருக்கும். ஆனால் உனக்கு அது போதுமான சாட்சியாக இருந்தது.

மறுநாள் மில்லுக்கு வந்தாய். சம்பா நெல் வந்து குவிகிற நேரம். நெல்லை அரைக்கிற ஹல்லர் ஓடுகிறது, மேலே ஏற்றுகிற எலிவேட்டர் ஓடுகிறது, நிற்கிற தரையே அதிர்கிறது. எத்தனை மூட்டை, எந்த ரகம், எப்போது ஏற்றலாம் என்று லாரி டிரைவர் என்னிடம் கேட்கிறான். ஒன்றுக்குக்கூட "என்ன?" என்று திருப்பிக் கேட்காமல் நான் பதில் சொல்கிறேன். தூணுக்குப் பின்னால் நின்று இதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டாய். "மில்லுல கேக்குது, வீட்டுல மட்டும் கேக்கலையாம். அப்பாவுக்கு ஒரு அவார்டு குடுங்க" என்று எழுதியிருந்தாய். கூடவே கண்ணில் நீர் வரச் சிரிக்கிற பொம்மை மூன்று. உன் சித்தப்பா, அத்தைகள், அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் அதே பொம்மையைத் திருப்பிப் போட்டார்கள். அந்த வார முடிவுக்குள் அது நம் ஊர் நன்னிலம் முழுக்கச் சுற்றிவிட்டு மில்லுக்கே வந்து சேர்ந்தது. நான் வேலை சொல்லிக் கொடுத்த ஒரு லோடுமேன் அதை என்னிடமே காட்டிச் சிரித்தான். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

என் கோபத்தில் பாதி, என்னிடம் பதில் இல்லாமல் போனதால் வந்தது. ஏனென்றால் நீ எடுத்த வீடியோவில் பொய் எதுவும் இல்லை. மில்லில் எனக்குக் கேட்கும், பஸ்ஸில் கேட்கும். அமைதியான வீட்டில், விசிறி மட்டும் சுற்றுகிற கூடத்தில் கேட்காது. ஏன் என்று எனக்கே தெரியாது. மில்லில் வேலை பார்த்தால் காது போகத்தான் செய்யும் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு, உழைத்து இழந்த காது என்று. உன் அம்மா இருந்தவரை என் எதிரில் வந்து, முகத்தைப் பார்த்து, உரக்கத்தான் பேசுவாள். ஊரில் அவளை வாயாடி என்றார்கள். எனக்காகத்தான் அப்படிப் பேசினாள் என்பது அவள் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மற்றவர்கள் எல்லாம் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறார்கள் என்று பத்து வருஷம் ஊரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

உனக்கும் இதில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது என்பது தெரியும். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது எதைக் கேட்பதாக இருந்தாலும் மில்லுக்கு வந்துதான் கேட்பாய். டூருக்குப் போகவா, புது ஷூ வேண்டும், எல்லாம் ஹல்லர் பக்கத்தில் நின்று கத்திக் கேட்டு வாங்கிக்கொண்டு போவாய். அப்பா மில்லில் நல்லவர், வீட்டில்தான் கல்லு மாதிரி உட்கார்ந்திருப்பார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். பிளஸ் டூ மார்க் வந்த அன்று வாசலில் நின்று மார்க்கைச் சொல்லியிருக்கிறாய். நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா வந்து என் தோளைத் தட்டிச் சொல்லி நான் நிமிர்வதற்குள் நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சாயங்காலம் கூப்பிட்டு "எனக்குக் கேக்கலடா" என்று சொல்லியிருக்கலாம். நாற்பத்தைந்து வயசில் செவிடன் என்று சொல்லிக்கொள்ள வெட்கம். அதனால் முறைப்பாக இருந்துவிட்டேன். அது என் தப்பு. ஆனால் அதற்காக நீ வீடியோ எடுத்தது சரியாகிவிடாது.

டெஸ்ட்டுக்கு நீதான் கூட்டிப்போனாய். அக்கறையில் இல்லை, என்னைக் கையும் களவுமாகப் பிடிக்க. முதலில் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். அந்தத் தாளைப் பார்த்துவிட்டு டெஸ்ட் எடுத்த பெண்ணிடம் நீ கேட்டாய். "கேட்டும் வேணும்னே அழுத்தாம இருந்தா எப்படித் தெரியும்? அவர் சொல்றத நம்பாம பாக்குற டெஸ்ட் ஏதாவது இருக்கா?" எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில் என் எதிரிலேயே கேட்டாய். காது மந்தமானவனுக்கு வாயைப் பார்த்துப் படிக்கத் தெரியும் என்பது உனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் உன்னைவிடப் பத்து வயசாவது சின்னவள். உன்னிடம் "இருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, என் எதிரே வந்து நின்று உரக்கப் பேசினாள். "ஐயா, இதுல நீங்க எதுவும் சொல்ல வேணாம், எதையும் அழுத்த வேணாம். கண்ண மூடிப் படுங்க, தூங்குனாலும் நல்லதுதான். காதுல சத்தம் குடுப்போம். அது நரம்பு வழியா மூளைக்குப் போறப்ப ஒரு சின்ன அலை வரும். அத கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

காதில் ஒரு ரப்பர் முனையை வைத்துக் காற்றை அழுத்திப் பார்த்தார்கள். பிறகு நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் தேய்த்துச் சுத்தம் பண்ணி, பசை தடவி ஒயர்களை ஒட்டினார்கள். பெரா டெஸ்ட் என்று பெயர். முதலில் காதில் சொருகிய குழாய் வழியாக டிக் டிக் டிக் என்று சத்தம் வந்தது. குறைத்துக்கொண்டே போனார்கள், கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. அப்புறம் குழாயை எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பின்மேல் ஒரு சின்னப் பெட்டியை வைத்து அழுத்திக் கட்டினாள். குமரா, அது கேட்டது. நகத்தால் சில்வர் டம்ளரைத் தட்டுகிற மாதிரி அவ்வளவு சுத்தமாகக் கேட்டது. குறைத்தார்கள், கேட்டது. இன்னும் குறைத்தார்கள், அதுவும் கேட்டது. அவ்வளவு சன்னமான ஒரு சத்தம் எனக்குள் வந்து எத்தனை வருஷமாகிறதோ தெரியாது. அழுகையை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தேன். "பல்லக் கடிக்காதீங்க ஐயா, கோடு ஆடுது" என்று அவள் என் தோளைத் தொட்டாள். நீ வெளியே நாற்காலியில் போன் பார்த்துக்கொண்டிருந்தாய்.

முடிவை நம் இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் சொன்னாள். "காத்து வழியாக் குடுத்தா அறுபது டெசிபல்லதான் அலை வருது, அதுக்குக் கீழ இல்ல. எலும்பு வழியாக் குடுத்தா இருபதுலயே வந்துருது. நரம்பு நல்லாருக்கு. சத்தம் உள்ள போற வழியிலதான் கோளாறு. மில்லு சத்தத்துல காது போயிருந்தா ரெண்டும் சேந்து கெட்டிருக்கும்." மில்லில் மட்டும் எப்படிக் கேட்கிறது என்று நீ விடாமல் கேட்டாய். அதற்கும் அவள் பொறுமையாகப் பதில் சொன்னாள். இரைச்சலில் எல்லாரும் கத்திப் பேசுவார்கள். என் காதுக்கு அந்த இரைச்சல் அவ்வளவாக உறைக்காது, கத்துகிற பேச்சு மட்டும் வந்து சேரும். என் சொந்தக் குரல் மண்டைக்குள் பெரிதாகக் கேட்பதால்தான் நான் சன்னமாகப் பேசுகிறேன் என்பதையும் அவளே சொன்னாள். செவிடாக இருந்தால் கத்தித்தானே பேசுவார் என்று நீ சுகந்தியிடம் வாதம் பண்ணியிருந்தாய் அல்லவா, அதற்கும் சேர்த்து.

உன் முகம் வெளுத்துப் போனது. "சாரிப்பா" என்றாய். அந்த "சாரி"யைத்தான் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. அறுபத்து மூன்று வயசு அப்பன் வாயால் சொன்னபோது சிரித்தாய். தாளில் நாலு கோடு வந்ததும் நம்பினாய். அப்படியானால் நீ மன்னிப்புக் கேட்டது அந்தத் தாளிடம்தான், என்னிடம் இல்லை. வீடியோவை அழித்தாய், சரி. "அப்பா சொன்னது நிஜம், நான்தான் தப்பா நெனச்சிட்டேன்" என்று அதே குரூப்பில் ஒரு வரி எழுதினாயா? சிரிக்க மூன்று பொம்மை கிடைத்தது, இதற்கு ஒன்றுகூடக் கிடைக்கவில்லையா?

இனி என் யோக்கியதைக்கு வருகிறேன். இரண்டு வாரம் கழித்து டாக்டரைப் பார்க்க நான் மட்டும் பஸ்ஸில் போனேன். "காதுக்குள்ள ஒரு எலும்பு இருக்குங்க, குருணை அளவுகூட இருக்காது. சத்தம் வந்தா அது அசையணும். உங்களுக்கு அது இறுகிப் போயிருக்கும்னு தோணுது. ஆபரேஷன் பண்ணலாம், இல்லன்னா மெஷின் வச்சுக்கலாம்" என்றார். அப்புறம் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரே பையன், முப்பத்தைந்து வயசு என்றேன். "இது சில குடும்பத்துல வாரிசாவும் வரும். இந்த வயசுல ஆரம்பிக்கலாம். அவருக்கும் ஒரு தடவ பாத்துருங்க, மறந்துராதீங்க" என்றார். நான் தலையாட்டினேன்.

தலையாட்டிவிட்டு வந்து உன்னிடம் சொல்லவில்லை. ஆறு மாசம் சொல்லவில்லை. மில்தான் காரணம் என்று இருந்தவரை, ஏசி அறையில் வேலை பார்க்கிற உனக்கு ஒன்றும் வராது என்று நினைக்கலாம். மில் காரணம் இல்லை என்று தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பி வரும்போதே முடிவு பண்ணிவிட்டேன். அவனுக்கும் வரட்டும், அவனைப் பார்த்தும் நாலு பேர் சிரிக்கட்டும், அப்போது தெரியும் என்று. பெற்றவன் இப்படி நினைப்பானா என்று கேட்காதே, நான் நினைத்தேன். சித்திரையில் கோயில் திருவிழாவுக்கு நீ வந்தபோது உன் வாய் முன்னைப்போல விரியவில்லை, பேச்சு உள்ளுக்குள் போயிருந்தது. சாப்பிடும்போது சுகந்தியிடம் இரண்டு தடவை "என்ன?" என்றாய். நான் கவனித்தேன். கவனித்துக்கொண்டே ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் மித்ரா அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கமாட்டாள். இதை நினைக்காத நாள் இல்லை. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை கம்மிதான். ஆனாலும் திட்டத்தான் செய்வேன், ஏனென்றால் குழந்தைக்கு இவ்வளவு நடந்த பிறகும் வீம்பு பிடிப்பவன் நீ.

சுகந்தி டெஸ்ட் எடுக்கச் சொன்னதற்கு, "எலக்ட்ரிக் ட்ரெயின்ல அவ்வளவு சத்தத்துல போன் பேசுறேன், எனக்கு என்ன கேடு? எனக்கு நல்லாக் கேக்குது" என்று கத்தினாயாம். அட முட்டாளே, எனக்கு மில் என்றால் உனக்கு ட்ரெயின். என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் அவ்வளவு விளக்கமாகச் சொன்னாளே, அது என் காதுக்கு மட்டும்தான் பொருந்தும் என்று நினைத்தாயா?

போன ஞாயிற்றுக்கிழமை திருத்துறைப்பூண்டிக்குப் போனேன். சம்பந்தி அம்மா கிரைண்டரில் இட்லிக்கு ஆட்டிக்கொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்ததும் மரியாதைக்காக அதை நிறுத்தப் போனார்கள். "ஓடட்டும்மா, அப்பதான் மாமாவுக்கு நாம பேசுறது கேக்கும்" என்று சுகந்தி தடுத்தாள். கிரைண்டருக்குப் பக்கத்திலேயே எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து பேசினாள். ஒரு சொல் விடாமல் கேட்டது. நீ வீடியோவில் பார்த்ததைத்தான் அவளும் பார்த்திருக்கிறாள். உனக்கு அதில் நான் பொய்யனாகத் தெரிந்தேன். அவளுக்கு என்னோடு எங்கே உட்கார்ந்து பேசலாம் என்று தெரிந்திருக்கிறது.

டாக்டர் சொன்னதை மறைத்ததை அவளிடம் சொன்னேன். என்னை ஏசுவாள் என்றுதான் நினைத்தேன். "சொல்லியிருக்கலாம் மாமா" என்றாள், அவ்வளவுதான். அதைக் கேட்ட பிறகு எனக்கு உள்ளே வைத்திருக்க முடியவில்லை, இன்னொன்றையும் சொல்லிவிட்டேன். "கல்யாணமாகி வந்த மொத நாள், இலைகிட்ட வந்து இன்னும் கொஞ்சம் சோறு வைக்கவா மாமான்னு கேட்டியேம்மா. அப்ப காது இவ்வளவு மோசம் இல்ல. அது எனக்குக் கேட்டுது. கேட்டும் நான் திரும்பல."

"தெரியும் மாமா" என்றாள்.

எப்படி என்று கேட்டேன். "மத்த நாள்ல நான் கூப்பிடுறப்ப நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுக்கிட்டே இருப்பீங்க. அன்னைக்கு மட்டும் உங்க கை அப்படியே நின்னுச்சு."

என்னிடம் ஒரு கேள்வி கேட்காமல், ஒரு ஒயர் ஒட்டாமல், அவள் எனக்கு எடுத்த டெஸ்ட் இது. ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லவில்லை. நீ அந்த வீடியோவைப் போட்டு எல்லாரும் சிரித்தபோதுகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் உனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும். எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கிரைண்டரைப் பார்த்துக்கொண்டே, குமரன் விஷயத்தில் உனக்கு என்னம்மா தோன்றுகிறது என்று கேட்டேன்.

"அவரு கை நிக்கிறதே இல்ல மாமா. எம்மேல கோவத்துல திரும்பாம இருக்காரோன்னு நானும் சித்திரைலேருந்து பாத்துக்கிட்டிருக்கேன். கூப்பிடுறேன், போன்ல அவரு வெரலு ஓடிக்கிட்டேதான் இருக்கு. அவருக்குக் கேக்கல. கேக்காததுக்கு நான் கோச்சுக்கிட்டு வரல மாமா. புள்ளயப் பொய் சொல்றான்னு சொன்னாரு பாருங்க, அதுக்குத்தான் வந்தேன்."

எனக்கு ஆபரேஷனுக்கு நாள் குறித்துத் தரச் சொல்லிவிட்டேன். அதை வைத்து என்னிடம் பேரம் பேசாதே. வெள்ளிக்கிழமை சுகந்தி தஞ்சாவூருக்கு வருவாள், நானும் வருவேன். மன்னிப்பு, பூ, பலகாரம் எதையும் தூக்கிக்கொண்டு வராதே. காதைக் கொண்டு வா. நீ என்ன சொல்கிறாய் என்று அங்கே யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை. சும்மா கண்ணை மூடிப் படுத்திருந்தால் போதும், அதுகூடவா முடியாது?

ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்பாய். நான் கிளம்பும்போது மித்ரா என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். அம்மா சொல்லிக் கொடுத்திருப்பாள் போல, என் முகத்தை இரண்டு கையாலும் தன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு, "தாத்தா, நான் கூப்பிட்டேன்ல, அப்பா ஏன் வரல?" என்று கேட்டாள். "அப்பாவுக்குக் காது கேக்கல கண்ணு, அதான் வரல" என்றேன். "இல்ல தாத்தா. எனக்கு நல்லாக் கேக்குதுன்னு அப்பாவே சொன்னாரு" என்றாள்.

நீ சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் உனக்கு இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான், குமரா. உனக்கு நன்றாகக் கேட்டது, கேட்டும் நீ வரவில்லை என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். வெள்ளிக்கிழமை வந்து படு.

அப்பா